சாம்பலைக் கழித்தால்

அத்திப்பட்டு சாம்பல் குளத்தின் கரை.
ஜனவரி, காலை ஆறு ஐம்பது.
சீமைக் கருவேலுக்குள் ஏதோ
'ட்செக்' என்றது, ஒரே ஒருமுறை.

சைக்ஸ் என்றேன் நான்.
பூட்டெட் என்றான் தேசப்பன்,
கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் முடித்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தவன்.

நீள அலகு, நீள வால், வெளுத்த முதுகு: சைக்ஸ்.
குட்டை அலகு, குட்டை வால்,
ஆறிய டீயின் நிறம்: பூட்டெட்.
புத்தகத்தில் இரண்டு கதிர்க்குருவிகளும்
எதிரெதிர்ப் பக்கங்களில்
குளித்துத் தலைதுவட்டி உட்கார்ந்திருக்கின்றன.
இங்கே யார் குளிக்கிறார்கள்?
அனல்மின் நிலையம் ராவெல்லாம் ஊதியது
இலையிலும் எங்கள் புருவத்திலும்.

நாலு விநாடி வெளியே வந்தது.
அலகைப் பார்த்தால் நான் ஜெயித்தேன்.
வாலைப் பார்த்தால் அவன்.
முதுகு
எங்கள் இருவரையும் சேர்த்துத் தோற்கடித்தது.

"கலப்பா இருக்கும்டா" என்றான்.
டீக்கடையில் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காத குரலில்.
ராயபுரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில்
அவன் மாமனார் ஆட்கள் ஒருபுறமும்
அப்பா ஆட்கள் மறுபுறமும் நிற்க
நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாளிலும்
இதே குரல்தான்.
நான் பைனாகுலரைத் துடைத்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
முள். முள். முள்.
குருவி போன பிறகும் ஆடுகிற குச்சி.
ஹெல்மெட்டின் ஒரு மஞ்சள் ஓரம்.
தேறியவை மூன்று.

மூன்றையும் ஹெப்சிபாவுக்கு அனுப்பினேன்.
ஸ்டான்லியில் எக்ஸ்ரே எடுப்பவள்,
மயிரிழை விரிசலை
தூக்கக் கலக்கத்திலும் கண்டுபிடிப்பவள்.
ராத்திரி ரெண்டு மணிக்குப் பதில் வந்தது:
"ஒரே பக்கமா மூணு தடவ எடுத்துட்டு
எலும்பு ஒடைஞ்சிருக்கான்னு கேட்டா எப்படி?
சைடு வியூ எங்க?"

பெரிதாக்கினாள்.
குருவி கட்டம் கட்டமாக உடைந்தது.
கண்ணில் ஒளிப்புள்ளி ஒரு கட்டம்,
புருவக்கோடு ஏழு கட்டம்,
அதில் இரண்டு கருவேலம் பூவாகவும் இருக்கலாம்.
மடித்த இறக்கையில் முனைகளை எண்ணினாள்:
ஆறு. இல்லை, ஏழு.
ஐந்தாவதன் மேல் ஓர் இலை.

பிறகு கேட்டாள்:
"அந்த வெளுப்பு குருவியோடதா, சாம்பலோடதா?"

இலையைக் கொண்டு கணக்குப் போட்டாள்.
இலை பச்சை என்று வை.
படத்தில் அது எவ்வளவு நரைத்திருக்கிறதோ
அவ்வளவையும் குருவியிலிருந்து கழி.
கழித்தாள்.
முதல் படத்தில் பூட்டெட் ஆனது.
இரண்டாவதில் ஆகவில்லை.
மூன்றாவதில் இலை நீலமாகிவிட்டது.
"டூட்டி முடிஞ்சிருச்சு" என்று எழுதி
தூங்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அதே மரத்துக்குப் போனோம்.
சாம்பல் குழாயில் புதிதாக ஒரு கசிவு,
அடியில் அரைச்சாண் தண்ணீர்.
அதிலே ஒன்று குளித்துக்கொண்டிருந்தது.
அதுதானா என்றால்
அப்படியும் சொல்ல முடியாது.
முழுசாக நனைந்திருந்தது.
நனைந்த குருவிக்கு நிறமும் கிடையாது,
அளவும் கிடையாது,
பாதி எலி மாதிரி ஒரு பொருள்.
உலரட்டும் என்று காத்திருந்தோம்.

குழாய் ஓரமாக ரோந்து ஜீப் வந்தது.
"இங்க இன்னா எடுக்குறீங்க, கேமராவ காட்டு" என்றார்கள்.
காட்டினோம்.
முள்ளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்த செக்யூரிட்டி
ஒரு படத்தில் நின்று
"சிட்டுக்குருவிதானே?" என்றார்.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
தேசப்பன் "இல்ல" என்றான்.
"அப்புறம் இன்னாது?"

அதற்குள் அது போய்விட்டிருந்தது.

நோட்டில் எழுதினேன்:
கதிர்க்குருவி, ஒன்று. இனம்,
அங்கே பேனா நின்றது.
தேசப்பன் பிடுங்கிப் பக்கத்தில் எழுதினான்,
எழுத்து கோணலாக,
ஜீப்பின் பானெட் மேல் வைத்து:
ரெண்டு தடவை முங்கியது.
வாலை ஆட்டியது.